மூன்று சுற்றுச் சடை

ஜனவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

சிக்கு எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் கால் வீங்குகிறது. நாள் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கிழித்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி என்று எழுதுங்கள்.

நீங்கள் கல்யாணமாகிப் போனதிலிருந்து என் தலை தலையாகவே இல்லை. அம்மா நாலரை மணிக்கே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். அப்பாதான் சடை போடுகிறார். லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற கை. என் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுக்கிறார். "ஆடாத, சரக்கு சரியுது" என்று வேறு சொல்கிறார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு சடை தானாக அவிழ்ந்துவிடும். இன்னொன்றை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும்.

விளையாட்டு டீச்சர் நேற்று எல்லோர் முன்னாலும் "இது தலையா, காக்காக் கூடா?" என்று கேட்டார். ஏழாம் வகுப்புக்கு இனிமேல் ரெட்டைச் சடை மடித்துக் கட்டினால்தான் உள்ளே விடுவாராம்.

உங்கள் முடி நீங்கள் உட்கார்ந்தால் தரையைத் தொடும். அதையே யாரிடமோ பேசிக்கொண்டே பின்னிவிடுவீர்கள். எனக்கு நானே பின்னிக்கொள்ளக் கடிதத்தில் சொல்லித் தர முடியுமா? அப்பா முடியாது என்கிறார். முடியும் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன், காலை வாரிவிட்டுவிடாதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிக்கு


ஜனவரி 24

அன்பு சிக்குவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல். அண்ணியைப் படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தை மாமா வாசித்துச் சிரித்துவிட்டு மாடிக்குக் கொண்டுவந்து தந்தார். சலவைக் கடை கீழே இருக்கிறது, நான் மாடியில். அழுக்குத் துணியைக் கீழேயே வெளுத்துவிடுவார். காய்ந்தது மூட்டையாக மேலே வரும், நான் தேய்த்து மடித்தது கீழே போகும். நிற்க நேரமில்லை என்பார்களே, எனக்கு நிற்கத்தான் நேரம் இருக்கிறது, உட்காரத்தான் இல்லை.

சரி, சடைக்கு வருவோம். முதலில் சிக்கு எடு. உச்சியிலிருந்து சீப்பை இழுக்காதே, நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போ. பிறகு நடு வகிடு, நெற்றியிலிருந்து பிடரி வரை. ஒரு பாதியைத் துணியால் கட்டி ஒதுக்கிவிடு. மற்ற பாதியைத் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து மூன்றாகப் பிரி. ஓரத்தில் இருப்பது நடுவில் இருப்பதன் மேல் ஏறி நடுவுக்கு வரவேண்டும். பிறகு மறு ஓரம் அதேபோல் நடுவுக்கு. அவ்வளவுதான் வித்தை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு இழு. அண்ணன் மாதிரி சரக்கு கட்டாதே.

இதையெல்லாம் என் தலையில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இனி எது சொன்னாலும் அப்படித்தான் சொல்வேன். கை சொல்லாததை வாய் சொன்னால் தப்பாகிவிடும்.

அன்புடன்,
அத்தை

மாமா எழுதுவது: உன் கடிதத்தில் ஆறு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அத்தைக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.


பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா தலையணை வைத்துப் படுக்கிறாள், வீக்கம் பரவாயில்லை. உங்களுக்கு அங்கே கால் வலிக்கவில்லையா? நின்றுகொண்டே இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே.

பந்தயத்தில் இன்னும் ஜெயிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பின்னினால் கை எங்கேயோ போகிறது, முடி எங்கேயோ போகிறது. வலது என்று நினைத்துப் பிடித்தால் அது நடுவில் இருந்ததாக இருக்கிறது. நேற்று மூன்றையும் சேர்த்து முடிச்சே போட்டுவிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இந்த முடிச்சு எனக்கே வராதே" என்றார்.

மாமா திருத்தி அனுப்பிய காகிதத்தை அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "உங்க அத்தைக்கு எழுதினா அத்தைதானே படிக்கணும்" என்றாள். இதற்கும் சிவப்பு மை வருமா?

கோடை விடுமுறைக்கு வருவீர்களா? வந்தால் நேரிலேயே கற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
முடிச்சு போட்ட சிக்கு


பிப்ரவரி 19

என் சிக்குக் குட்டிக்கு,

நன்றாக இருக்கிறேன், இன்றைக்கு ரொம்பவே நன்றாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்கவேண்டும்.

கண்ணாடியை முதலில் மூடி வை. உன் தப்பு அங்கேதான். கண்ணாடியைப் பார்த்தால் கண் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். கண்ணை மூடிக்கொள். மூன்று பிரிவையும் விரலுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, எது நடுவில் இருக்கிறது என்று விரலையே கேள். ஓரம் நடுவுக்கு, மறு ஓரம் நடுவுக்கு. நான் உன் வயதில் பாத்திரம் தேய்க்கிற திண்டில் உட்கார்ந்து இருட்டில் பழகினேன். இப்போதும் அப்படித்தான் பின்னுகிறேன். சற்று முன் பின்னியதில் அறுபத்திரண்டு சுற்று வந்தது, எண்ணிப் பார்த்தேன். வேலையில்லாதவள் என்று நினைக்காதே.

மாமா சோப்பு வாங்க மொத்தக் கடைக்குப் போயிருக்கிறார். மாடிப்படியின் அடியில்தான் அவருடைய மேசை. அங்கே அவர் இல்லாத கடையைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. தெருமுனையில் ஒரு தபால்பெட்டி தெரிகிறது. இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்ப் போடப் போகிறேன். எட்டு வைத்து நடந்தால் எழுபது இருக்கும், அதிகம் போனால் எண்பது. வெயில் நல்லதாக இருக்கிறது. இங்கே வந்த பிறகு வெயில் என் மேல் பட்டதே இல்லை, துணி மேல்தான் பட்டிருக்கிறது.

பதில் எழுதும்போது சடையைப் பற்றி மட்டும் எழுது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

முத்தங்களுடன்,
அத்தை


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

வந்துவிட்டது, வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பின்னினேன், பதினெட்டு சுற்று வந்தது. இரண்டு சடையும் ஒரே உயரத்தில் நிற்கிறது. விளையாட்டு டீச்சர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யார் போட்டுவிட்டா?" என்று கேட்டார். நானே என்றேன். நம்பவில்லை. அவிழ்த்து அங்கேயே பின்னிக் காட்டினேன். அப்பா பந்தயத்தில் தோற்றதால் ஒரு வாரம் பாத்திரம் கழுவுகிறார். நாங்கள் எல்லோரும் சுகம் என்று இதற்கு மேல் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மாமா கடைசியில் ஒன்றும் எழுதாமல் வந்தது ரொம்ப ஜாலியாக இருந்தது. நீங்களே தெருமுனைக்குப் போய்த் தபால்பெட்டியில் போட்டீர்களா? எழுபதா, எண்பதா? எண்ணினீர்களா? மாமா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து இனி ஒவ்வொரு கடிதத்தையும் நீங்களே போடுங்கள்.

சடையைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னீர்கள், என் வாய் சும்மா இருக்குமா?

உங்கள் சிஷ்யை,
சிக்கு


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கடிதம் தொலைந்துபோயிருக்கும் என்று அப்பா சொல்கிறார். அவர் போன் பண்ணினால் மாமாதான் எடுக்கிறாராம், "வேலையா இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாராம். எனக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. கோபமா?

ஒரு சந்தேகம். நெற்றியில் புதிதாக முளைத்த குட்டை முடி சடைக்குள் நிற்காமல் கண்ணில் விழுகிறது. அதற்கு என்ன செய்வது? இதற்காவது பதில் எழுதுங்கள்.

சிக்கு


மே 12

அன்பு சிக்குவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை. விடுமுறைக்கு வர இயலாது. மாமாவும் அதையே நினைக்கிறார்.

குட்டை முடிக்கு வழி கேட்டிருந்தாய். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள். நெற்றியிலேயே மூன்று சின்னப் பிரிவாக எடு. ஒவ்வொரு தடவை ஓரம் நடுவுக்கு வரும்போதும் பக்கத்திலிருந்து கொஞ்சம் முடியைக் கூடவே சேர்த்துக்கொள். இறுக்கிப் பிடி, நழுவும். மூன்று சுற்று வரும். அதோடு முடி தீர்ந்துவிடும். காதுக்குப் பின்னால் ஊசி குத்தி நிறுத்து. பிடரியில் குத்திட்டு நிற்பதை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடு. முதலில் கை முடியைத் தேடிக் கீழே கீழே போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும்.

செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அத்தை

மாமா எழுதுவது: உன் மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது. மிகவும் பயனுள்ளதாக இருந்தது. மூன்றே பிழைகள்தான். நல்ல முன்னேற்றம்.


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியபடி செய்தேன். எனக்கு மூன்று சுற்றில் முடி தீரவில்லை, இடுப்பு வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. என் வகுப்பில் காதளவுக்கு முடி வெட்டிய ஒருத்தி இருக்கிறாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் தொட்டுப் பின்னினேன். நீங்கள் சொன்னபடியே எல்லாம் இருந்தது. மூன்று சுற்று, ஊசி, பிடரியில் குத்திட்டு நிற்பது, எல்லாம்.

சடையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன், அத்தை.

சிக்கு


ஜூன் 15

சிக்கு,

பென்சிலில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேனா கீழே இருக்கிறது. வாரா வாரம் ஒரு நர்ஸ் தன் சீருடையை வீட்டிலேயே துவைத்துவிட்டு இங்கே தேய்க்க மட்டும் போடுகிறாள். அவளுடைய சட்டைப் பைக்குள் இதை மடித்து வைத்துத் தேய்த்து அனுப்புகிறேன். மாமா வருகிற துணியின் பையைத்தான் தடவிப் பார்ப்பார், போகிற துணியைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் நல்லவளாக இருந்தால் இது உனக்கு வந்து சேரும். போன வாரம் ஒரு துண்டுச் சீட்டில் கேட்டுப் பார்த்தேன். இந்த வாரச் சட்டையின் உள்மடிப்பில், "அனுப்புறேன்" என்று, வீட்டு முகவரியோடு ஒரு சீட்டுக் குத்தியிருந்தது.

நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். யாருக்காவது தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாகவும் இருந்தது.

தெருமுனை வரை போனது மாமாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. துணி வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. சடையோடு சேர்த்து இரண்டே வெட்டு. "இந்தத் தலையோட எங்க போற, பாப்போம்" என்றார். வெட்டிய சடையைத் தலையணை உறைக்குள் போட்டு, மடித்து, அலமாரியில் வைத்திருக்கிறார்.

அவர் போட்ட கணக்குத்தான் சரியாக இருக்கிறது, சிக்கு. பகலில் கீழ்க்கதவு திறந்துதான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான்தான் படி இறங்குவதில்லை. இறங்கலாம் என்று நினைத்தாலே கை தலைக்குப் போய்விடுகிறது. துணி வாங்க வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அண்ணன் பார்த்தால் என்ன ஆவான். அவன்தான் இந்த இடத்தைப் பார்த்து முடித்துவைத்தான். தாங்கமாட்டான்.

தோளைத் தொட இன்னும் நாலு விரல் வளரவேண்டும். அதுவரை யாரும் வரவேண்டாம். அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு. பதில் எழுதினால் நர்ஸ் வீட்டு முகவரிக்கு எழுது, பின்பக்கம் இருக்கிறது.

நீ சுகமாக இரு.
அத்தை


ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகமாக இல்லை. அதனால் அப்படி எழுதவில்லை.

எப்படியோ தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ இல்லை, அத்தை. நான்தான். மார்ச் இரண்டாம் தேதி நான்தான் எழுதினேன், தபால்பெட்டிக்கு எத்தனை எட்டு என்று வேறு கேட்டேன். சடையைப் பற்றி மட்டும் எழுது என்று நீங்கள் சொன்ன பிறகும் எழுதினேன். மாமா பயனுள்ளதாக இருந்தது என்று எழுதியதைப் படித்தபோது என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த வரியை அப்பாவிடம் காட்டிச் சிரித்தேன். இரண்டு நாளாக என் சடையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் முடி போனதற்கு நான்தான் காரணம். அது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டினால் திட்டுங்கள். அப்பா வெளியே போய் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அம்மா டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே கேட்டாள். பிறகு, "முடி வளர்ற வரைக்கும் அங்க இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள்.

உங்களைக் கேட்காமல் வந்து இழுத்துக்கொண்டு வரக்கூடாது, அப்புறம் நமக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்றும் அம்மாதான் சொன்னாள். அதனால் கேட்கிறேன். ஜூலை பத்தாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு வரலாமா? வேண்டாம் என்றால் நர்ஸ் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள், வரமாட்டோம். மறுபடி மறுபடி கேட்போம், அவ்வளவுதான்.

சிக்கு


ஜூலை 4

சிக்கு,

வரும்போது ஒரு ஜோடி செருப்பு கொண்டு வா. என்னுடையதை மாமா மேசைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். என் காலும் அண்ணி காலும் ஒரே அளவு.

அத்தை


ஜூலை 10

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

சிக்கு எழுதுவது. நாங்கள் வந்திருக்கிறோம். நீங்கள் நலமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இதைத் தந்தேன்.

அத்தைக்கு நான் எழுதிய கடிதங்களையெல்லாம் நீங்கள்தான் முதலில் வாசித்தீர்கள். உங்களுக்கென்று நான் எழுதியதே இல்லை. அதனால் இது உங்களுக்கு மட்டும். தபால்தலை இல்லை. கடிதம் என்று ஒன்று கைக்கு வந்தால் கடைசி வரி வரை வாசிக்காமல் நீங்கள் தலை நிமிரமாட்டீர்கள் என்று அத்தை நர்ஸ் அக்கா வழியாக எழுதி அனுப்பியிருக்கிறார்.

இந்த வரிக்கு நீங்கள் வருவதற்குள் நான் மாடிக்குப் போயிருப்பேன்.

எழுந்திருக்கவேண்டாம். மேசைக்கு முன்னால் நிற்பது அப்பா. கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார், அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடை வாசலில் காக்கிச் சட்டையோடு நிற்பது அம்மா. நீங்கள் சத்தம் போட்டால் அவளும் போடுவாள். பதினாலு வருஷமாக நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்கிற மாதிரி கத்திப் பழகியவள். இந்தத் தெரு அதைவிடச் சின்னது.

உங்களிடம் எனக்குக் கோபம் உண்டு. என்னிடமும் உண்டு. நான் ஜாலியாக எழுதியதை வைத்து நீங்கள் அத்தையைப் பிடித்தீர்கள். இனிமேல் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது வேறு யார் வாசிப்பார்கள் என்று வாழ்நாள் முழுக்க யோசிப்பேன். அதை எனக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள், சடை போடுவதை அத்தை கற்றுக்கொடுத்தார்.

இப்போது மேலே அத்தையை உட்காரவைத்து, விரலில் தண்ணீர் தொட்டு, நெற்றியிலிருந்து பின்னிக்கொண்டிருப்பேன். மே மாதத்தில் மூன்று சுற்றுதான் வந்தது. இப்போது நாலு வரலாம். அவசரம் இல்லை. வேண்டாம், இப்படியே வருகிறேன் என்று அத்தை சொன்னால் பின்னாமலே இறங்குவோம். அலமாரியில் இருப்பதை நாங்கள் எடுக்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் நாற்காலி மாடிப்படியின் கடைசிப் படியில் பாதியை அடைத்துக்கொண்டு இருக்கும் என்று அத்தை எழுதியிருந்தார். நாங்கள் இறங்குகிற சத்தம் கேட்டதும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
சிக்கு